பேரனுக்கு நேத்து சொன்ன வார்த்தை இன்னைக்கு மறந்துபோகுது, என்ன பண்ணலாம்?

கேள்வி: நான் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், திண்டுக்கல் பக்கம். மகனும் மருமகளும் திருப்பூர்ல வேலை, பேரன் எங்ககிட்ட இருக்கான். ஏழு வயசு, ரெண்டாங்கிளாஸ், இங்கிலீஷ் மீடியம். ஸ்கூல்ல மிஸ் 'சைட் வேர்ட்ஸ்'னு, பார்த்த உடனே படிக்க வேண்டிய நூறு வார்த்தை குடுத்து மாசக் கடைசிக்குள்ள தரோவா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. கடைல கார்டு வாங்கி தினமும் காட்டுறேன், ஒவ்வொண்ணும் பத்து தடவை எழுத வைக்கிறேன். நேத்து வந்தது இன்னைக்கு வரல. 'வாஸ்'னு (was) இருந்தா 'சா'ங்கறான் (saw), 'ஹவுஸ்'னு இருந்தா 'ஹார்ஸ்'ங்கறான். 'செட்' (said) சுத்தமா வரமாட்டேங்குது. கணக்குல கெட்டி, தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பான். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, நானே சொல்லித்தரலாமா? கண்ணுல கோளாறா, இல்ல வேற எதுவுமா? அரைமணி நேரம் உக்கார வச்சா பாதில எந்திரிச்சு ஓடறான்.

பதில்:

ஐயா, வணக்கம்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுன்னு எழுதியிருக்கீங்களே, முதல்ல அதுக்குப் பதில் சொல்லிடறேன். நீங்களே சொல்லித்தரலாம், தாராளமா. இதுக்கு வேண்டிய முக்கியமான வித்தை ஒண்ணு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், சின்ன வயசுல தமிழ் வாத்தியார் சொல்லிக்குடுத்திருப்பார். அது என்னன்னு கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

அதுக்கு முன்னாடி இந்த நூறு வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்காவுல எட்வர்ட் டால்ச்னு ஒரு பேராசிரியர் 1936ல குழந்தைகளுக்கான வார்த்தைகள்ல அடிக்கடி வர்றது எதுன்னு பார்த்து 220 வார்த்தைய லிஸ்ட் போட்டார். அப்புறம் 1957ல எட்வர்ட் ஃப்ரைனு இன்னொருத்தர் ஒரு லிஸ்ட் போட்டார், அது பின்னாடி ஆயிரம் வார்த்தை வரைக்கும் வளர்ந்துச்சு. உங்க மிஸ் குடுத்ததும் இந்த ரெண்டுல ஒண்ணுலேர்ந்து கிள்ளினதாத்தான் இருக்கும், நம்ம ஊர்ல விக்கிற கார்டு பாக்கெட் முக்கால்வாசி அப்படித்தான். முதல் நூறு வார்த்தை தெரிஞ்சாலே அச்சுல இருக்கற இங்கிலீஷ்ல பாதி வந்துரும்னு ஃப்ரை கணக்கு சொன்னார். அதனால மிஸ்ஸோட நோக்கத்துல தப்பு இல்ல. தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னா, 'சைட்'னு பேர்ல இருக்கறதால இத கண்ணால போட்டோ புடிச்சு மனசுல வச்சுக்கணும்னு எல்லாரும் நினைச்சுட்டோம். நானும் நினைச்சேன். பசங்களுக்கு சொல்லிக்குடுக்கற வேலைக்கு வந்த முதல் ரெண்டு மூணு வருஷம் நானும் கார்டு காட்டு, பத்து தடவை எழுதுன்னு இதேதான் பண்ணிட்டிருந்தேன்.

ஒரு பையன், உங்க பேரன் வயசுதான் இருக்கும், பதினஞ்சு கார்டு டக்கு டக்குன்னு சொல்லுவான். எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் கார்டுல தண்ணி கொட்டிருச்சுன்னு புதுசா எழுதிக் காட்டினேன், ஒண்ணு கூட வரல. அப்புறம்தான் பார்த்தேன், 'ஆர்' கார்டுல மஞ்சக்கறை, 'கம்' கார்டுல மூலை மடங்கியிருக்கும், 'ஹேவ்' கார்டுல என் பேனா மை லேசா ஒழுகியிருக்கும், பய எழுத்தையே பார்க்காம கறையப் பார்த்துப் படிச்சிருக்கான். கெட்டிக்காரன்தான், ஆனா படிக்கல. பிலிப் கஃப்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதையே சோதனையா பண்ணிப் பார்த்திருக்கார்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. சின்னப் பசங்ககிட்ட காட்டின கார்டுல ஒண்ணுல மட்டும் கட்டைவிரல் ரேகைய பதிச்சு வச்சார், அந்தக் கார்டைத்தான் பசங்க சீக்கிரமா கத்துக்கிட்டாங்க, ரேகை இல்லாம அதே வார்த்தைய காட்டினா பலருக்கும் தெரியல, வார்த்தையே இல்லாம ரேகைய மட்டும் காட்டினா வார்த்தைய சொல்லிட்டாங்க!

உங்க பேரன் 'ஹவுஸ்'ஸ 'ஹார்ஸ்'ங்கறதும் இந்த ரகம்தான். முன்னாடி ஹெச், பின்னாடி எஸ்-ஈ, சுமாரா அதே நீளம், சரி குதிரைதான்னு அடிச்சு விடறான். நடுவுல இருக்கறத பார்க்கறதே இல்ல. ஒரு வார்த்தை மனசுல நிக்கணும்னா அதோட உருவம் மட்டும் போதாது, உள்ள இருக்கற ஒவ்வொரு எழுத்தும் ஒரு சத்தத்தோட ஒட்டிக்கணும். லின்னியா ஏரின்னு ஒரு அம்மா வருஷக்கணக்கா இத ஆராய்ச்சி பண்ணினாங்க. அப்படி ஒட்டிக்கிட்ட வார்த்தைதான் அப்புறம் பார்த்த உடனே வாய்ல வரும், அதுக்குப் பேர்தான் சைட் வேர்டு. காதும் வாயும் முதல்ல, கண்ணு கடைசில.

இப்ப அந்த வித்தைக்கு வர்றேன். க் கும் அ வும் சேர்ந்தா க, ம் மும் ஆ வும் சேர்ந்தா மா. உயிர்மெய். இங்கிலீஷ் படிக்க இந்தப் பிரிக்கற திறமைதான் வேணும், ஏன்னா நம்மூர்ப் பசங்களுக்கு 'மா'ங்கறது ஒரே எழுத்து, ஒரே கட்டி, அத உடைக்கலாம்னே தோணாது. இங்கிலீஷ்ல மெய் தனியா நிக்கும் உயிர் தனியா நிக்கும். அதனால முதல் ஒரு வாரம் கார்டை எல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டு இத விளையாடுங்க, எழுத்தே வேண்டாம், வாய்தான். "மாடுலேர்ந்து முன்னாடி இருக்கற 'ம்' மட்டும் எடுத்துட்டா என்னடா வரும்?" ஆடு. "சிலைல 'ச்' எடுத்தா?" இலை. "பால்ல 'ப்' எடுத்தா?" ஆல். வலை, அலை. கூர், ஊர். திண்ணைல உக்காந்துக்கிட்டு பண்ணலாம், கடைக்கு நடந்து போறப்ப பண்ணலாம். முதல்ல முழிப்பான், 'மாடு'ல 'மா'வையே எடுத்துட்டு 'டு'ம்பான், அதுதான் எல்லாப் பிள்ளையும் பண்ணும், பரவால்ல. நாலு தடவை நீங்களே சொல்லிக் காட்டினீங்கன்னா ஒருநாள் திடீர்னு புடிச்சுக்குவான். அது வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்தது அந்த வராத 'செட்'. சொன்னான், சொன்னாள்ங்கற வார்த்தை. நான் எப்படி சொல்லிக்குடுப்பேன்னு அப்படியே எழுதறேன், நீங்க வீட்ல இதே மாதிரி பண்ணிப் பாருங்க.

கார்டை காட்டாதீங்க. முதல்ல வாயால சொல்லுங்க, "தாத்தா செட் நோ. தாத்தா வேணாம்னு சொன்னார்." அவனும் ஒரு வாக்கியம் சொல்லட்டும், அம்மா செட் கம், எதுவானாலும் சரி. அப்புறம் மூணு புளியங்கொட்டை எடுத்துக்கோங்க. 'செட்'டை இழுத்து இழுத்து சொல்லச் சொல்லுங்க, ஸ்… எ… ட். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கொட்டைய முன்னாடி தள்ளணும். 'செ'ன்னு சேர்த்து சொல்லி ரெண்டே கொட்டைய தள்ளுவான் பாருங்க, அங்கதான் மாடு-ஆடு விளையாட்டு கைகுடுக்கும், 'செ'ல முன்னாடி இருக்கற 'ஸ்' எடுத்தா 'எ'. மூணு வந்ததும் சிலேட்டுல மூணு கட்டம் போடுங்க. இந்தக் கட்டம் போடற முறை எல்கோனின்னு ஒரு சோவியத் மனோதத்துவ நிபுணரோடது, புளியங்கொட்டை என்னோடது. முதல் கட்டத்துல ஸ் சத்தத்துக்கு என்ன எழுத்துன்னு கேளுங்க, எஸ்னு எழுதிடுவான். கடைசிக் கட்டத்துல டி, டாக்ல வர்ற டி. (இந்த ரெண்டு டி தொல்லை இருக்கே, டாக் டியா டேபிள் டியான்னு, நமக்கு தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே ட் தான், அவன் காதுல ஒண்ணா விழுந்தா திட்டாதீங்க.) நடுக்கட்டத்துல 'எ' சத்தத்துக்கு அவன் ஈ எழுதுவான். அது நியாயமான பதில், "நீ சொன்னதுதான் முறை, ஆனா இந்த வார்த்தை இந்த எடத்துல மட்டும் ஏமாத்துதுடா"ன்னு சொல்லிட்டு நடுக்கட்டத்துல ஏ-ஐ ரெண்டையும் நீங்க சிவப்பு சாக்பீஸ்ல எழுதுங்க. ட்ரெயின்ல வர்ற அதே ஏ-ஐ, அங்க 'ஏ'ன்னு ஒழுங்கா கத்தும், இங்க 'எ'ன்னு குறைச்சுக்குது.

இப்ப என்ன ஆச்சு பாருங்க. நாலு எழுத்த குருட்டாம்போக்குல மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, ரெண்டு எழுத்து ஒழுங்கா நடந்துக்குது, நடுவுல ஒரே ஒரு திருடன், அவன மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும். அப்புறம் சிலேட்ட அழிச்சுட்டு பார்க்காம எழுதச் சொல்லுங்க, எழுதறப்ப 'எஸ் ஏ ஐ டி'ன்னு பாட வேண்டாம், ஸ்-எ-ட்னு சத்தத்த சொல்லிக்கிட்டே எழுதணும். மூணு தடவை போதும். பத்து தடவை எழுத வச்சா என்ன பண்றான்னு கவனிச்சீங்களா, முதல்ல பத்து வரிலயும் எஸ், அப்புறம் பத்து வரிலயும் ஏ, அப்படியே மேலேர்ந்து கீழ இறங்குவான். அது கோலத்துக்குப் புள்ளி வைக்கற மாதிரி, கைக்கு வேலை, மண்டைக்கு இல்ல.

'வாஸ்' இதே மாதிரிதான், வ்-ஆ-ஸ், நடுவுல ஏ. அது ஏமாத்தற மாதிரி இருக்கும், ஆனா அதுக்கு சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்காங்க. வாட்ச், வாஷ், வாண்ட், எல்லாத்துலயும் டபிள்யூவுக்கு அப்புறம் ஏ வந்து 'ஆ'ன்னுதான் சத்தம். கைல கட்டற வாட்ச் அவனுக்குத் தெரியுமே, அத எழுதிக் காட்டுங்க. 'டூ'ன்னு ரெண்டாம் நம்பர், நடுவுல ஒரு டபிள்யூ சும்மா நிக்குதேன்னா, ட்வின்ஸ், ட்வெல்வ், ட்வென்டின்னு சொல்லிப் பாருங்க, எல்லாம் ரெண்டு சம்பந்தப்பட்டது, அங்கெல்லாம் அந்த டபிள்யூ சத்தம் போடுது. பசங்களுக்கு இந்த மாதிரி விஷயம் ரொம்பப் புடிக்கும், ரகசியம் தெரிஞ்ச மாதிரி. 'வாஸ்', 'சா' ரெண்டையும் ஒரே வாரத்துல மட்டும் எடுக்காதீங்க, ஒண்ணு நல்லா ஊறின அப்புறம்தான் அடுத்தது. 'தெம்'-'தென்', 'வென்'-'வென்ட்', 'தேர்'-'வேர்' இதுங்களும் அப்படித்தான். பக்கத்து பக்கத்துல வச்சு "வித்தியாசம் தெரியுதா பார்"னு சொன்னா தெரிஞ்சவனுக்கே குழம்பும்.

அந்த நூறும் இப்படி திருட்டு வார்த்தை இல்லங்க, அதுதான் பெரிய ஆறுதல். இட், இன், அண்ட், கேன், டிட், நாட் இதெல்லாம் எழுத்துக்கூட்டினா அப்படியே வர்ற நேர்மையான வார்த்தைங்க, இதுக்கு சைட் வேர்டு பாடமே வேணாம், கூட்டிப் படிக்க விட்டாலே நாலஞ்சு தடவைல ஒட்டிக்கும். மேக், லைக் மாதிரி சிலது கடைசில ஒரு ஈ சும்மா நிக்கற ரகம், ஒரு விதி தெரிஞ்சா கும்பலா வந்துரும். செட், வாஸ், ஆவ் (of), ஒன், டூ, கம் இந்த மாதிரி கொஞ்சம்தான் நிஜமா தனியா உக்காந்து பண்ண வேண்டியது. அந்த ஒரு வாரம் முடிஞ்சு பீரோவ திறக்கற அன்னைக்கு நூறையும் ஒரு தடவை காட்டி, மூணு எண்ணறதுக்குள்ள சொல்றத ஒரு கட்டு, சொல்லாதத ஒரு கட்டுன்னு பிரிச்சு ரப்பர் பேண்ட் போடுங்க. டிக்கெட் கட்டு பிரிச்ச கைக்கு இது புதுசா என்ன.

இன்னொரு விஷயம், இது யாரும் கவனிக்கறதே இல்ல. ஃப்ரம், டு, இன், வித், ஆவ், இதுக்கெல்லாம் தமிழ்ல தனியா வார்த்தையே கிடையாது. நாம பேரோட வால்ல ஒட்டிருவோம், திண்டுக்கல்லேர்ந்து, பழனிக்கு, பஸ்ல, தாத்தாவோட. அப்ப 'ஃப்ரம்'னு ஒரு கார்டை தனியா நீட்டினா அந்தப் புள்ள மனசுல என்ன வரும்? ஒண்ணும் வராது. 'ஆப்பிள்' கார்டு வந்துருது 'ஆவ்' கார்டு வரலன்னு நிறைய பெத்தவங்க சொல்றது இதனாலதான், ஆப்பிள் அஞ்சு எழுத்து நீளமா இருந்தாலும் அதுக்கு ஒரு ருசி இருக்கு. இதுல உங்களுக்கு இருக்கற வசதி வேற யாருக்கும் இல்ல. பேரன கண்டக்டர் ஆக்குங்க, நீங்க பாசஞ்சர். பழைய நோட்டுல துண்டு துண்டா கிழிச்சு அவன் டிக்கெட் எழுதணும், ஃப்ரம் திண்டுக்கல் டு பழனி. ஃப்ரம் பழனி டு ஒட்டன்சத்திரம். ஊர் பேரெல்லாம் நீங்க இங்கிலீஷ்ல எழுதி வச்சிருங்க, ஃப்ரம்மும் டுவும் மட்டும் அவன் எழுதணும். "எங்கேர்ந்து? எங்க?"ன்னு கேட்டு கேட்டு எழுதினான்னா ஃப்ரம்முக்கு லேர்ந்துன்னு அர்த்தம் தானா ஒட்டிக்கும். ரெண்டாவது நாள் டிக்கெட்ட அவனே படிச்சு செக் பண்ணட்டும்.

கார்டு எப்ப காட்டலாம்னா, இதெல்லாம் பண்ணின அப்புறம்தான், அதுவும் கொஞ்சமா. ஒரு நாளைக்கு ஒரு புது வார்த்தை, ரொம்ப போனா ரெண்டு. தெரிஞ்ச கட்டுலேர்ந்து ஆறேழு எடுத்துக்கோங்க. புது கார்டு 'செட்' காட்டுங்க, அப்புறம் தெரிஞ்சது ஒண்ணு, திரும்ப செட், தெரிஞ்சது ரெண்டு, திரும்ப செட், தெரிஞ்சது மூணு, இப்படி இடைவெளிய கொஞ்சம் கொஞ்சமா நீட்டிக்கிட்டே போங்க. மறக்கறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி திரும்ப வந்து நிக்கணும். பத்தும் புதுசா காட்டினா தோத்துக்கிட்டே இருப்பான், இதுல முக்கால்வாசி ஜெயிப்பான், அந்த வித்தியாசம் முகத்துல தெரியும். மூணு வேற வேற நாள்ல யோசிக்காம சொன்னான்னா அந்தக் கார்டு தெரிஞ்ச கட்டுக்குப் போகலாம், வாரம் ஒருக்கா எடுத்துப் பாருங்க. மாசத்துல நூறு ஆகாது, இருபது ஆகும். மிஸ்கிட்ட நேர்ல போய் "இந்த வேகத்துல போறோம், கொஞ்சம் பொறுத்துக்கோங்க"ன்னு சொல்லிருங்க, கட்டையும் எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க, பெரும்பாலான மிஸ்ங்க ஒத்துக்குவாங்க, அவங்களுக்கு நாப்பது புள்ளைங்க, ஒரு தாத்தா உக்காந்து பண்றார்னா சந்தோஷம்தான் படுவாங்க.

தப்பா படிச்சா மூணு செகண்ட் வாய மூடிக்கிட்டு இருங்க, இதுதான் உங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும். அவனே திரும்பிப் பார்ப்பான். பார்க்கலன்னா நடு எழுத்துக்குக் கீழ விரல் வச்சு "இங்க என்ன இருக்கு?"ன்னு மட்டும் கேளுங்க. "நேத்துதானேடா சொன்னேன்"ங்கற வசனம் வேண்டவே வேண்டாம். கதைப் புத்தகத்துல படத்தப் பார்த்து கண்டுபிடின்னும் சொல்லாதீங்க, அவன் ஏற்கெனவே யூகிக்கறதுல எக்ஸ்பர்ட், படத்த கையால மூடிட்டுப் படிக்கச் சொல்லுங்க.

கண்ணு பத்திக் கேட்டீங்க. ஒரு தடவை டெஸ்ட் பண்ணிருங்க, எல்லாப் பிள்ளைக்கும் பண்ண வேண்டியதுதான். ஆனா 'வாஸ்'ஸ 'சா'ன்னு திருப்பிப் படிக்கறது கண்ணு கோளாறு இல்ல, ஏழு வயசுல நிறைய பேர் பண்றது, இதுக்குன்னு கலர் கண்ணாடி, கண் பயிற்சின்னு யாராவது பாக்கேஜ் சொன்னா காசு குடுக்காதீங்க. அடிக்கடி சளி புடிச்சு காது அடைக்கற பையனா இருந்தா காதையும் பார்த்துருங்க. வேற எதுவுமான்னு கேட்டது டிஸ்லெக்ஸியாவத்தான்னு நினைக்கறேன், அதாவது புத்தி நல்லா இருந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்க ரொம்ப கஷ்டப்படற குறைபாடு. லெட்டர வச்சு நான் ஆமாவும் சொல்ல முடியாது இல்லையும் சொல்ல முடியாது. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பான்னீங்க, அத இன்னும் கொஞ்சம் உத்துப் பாருங்க. தமிழ்ல எழுத்து பெரும்பாலும் சொன்ன சொல் தவறாது, அதுலயும் ஒவ்வொரு வார்த்தைக்கும் திக்கறானா, பால்-ஆல் விளையாட்டு மாசக்கணக்கா பண்ணியும் புடிபடலையா, உங்க மகனுக்கோ தம்பிக்கோ சின்ன வயசுல இதே கஷ்டம் இருந்துச்சா, இதெல்லாம் சேர்ந்து வந்தா தள்ளிப் போடாதீங்க. இல்லன்னா மூணு மாசம் இந்த மாதிரி ஒழுங்கா பண்ணிப் பாருங்க, அசையலன்னா அசெஸ்மென்ட் எடுத்துருங்க. நம்ம நாட்டுல 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்காங்க, சர்டிபிகேட் எட்டு வயசுக்கு அப்புறம்தான் குடுப்பாங்க. ஆனா சொல்லிக்குடுக்கறதுக்கு சர்டிபிகேட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. டிஸ்லெக்ஸியான்னே வந்தாலும் முறை இதேதான், இன்னும் மெதுவா, இன்னும் நிறைய நாள்.

கடைசியா அந்த எந்திரிச்சு ஓடறது. அரைமணி நேரம் உக்கார வச்சா நானே ஓடிருவேங்க. பன்னெண்டு நிமிஷம், செல்போன்ல டைமர் வச்சு, அடிச்ச உடனே பாதி வார்த்தைல இருந்தாலும் நிறுத்திருங்க. முதல் ரெண்டு நிமிஷம் மாடு-ஆடு, அப்புறம் ஒரு புது வார்த்தை கொட்டையும் கட்டமுமா, அப்புறம் கார்டு, கடைசில டிக்கெட். தூங்கப் போறதுக்கு முன்னாடி வேணாம், ஸ்கூல் விட்டு வந்து எதாவது தின்னுட்டு கொஞ்சம் ஆடிட்டு வந்த அப்புறம் வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை லீவு, ரெண்டு பேருக்கும்.

ஆறு வாரம் கழிச்சு தெரிஞ்ச கட்டுல எத்தனை கார்டு இருக்குன்னு எண்ணி எழுதுங்க. கூடவே அவன் கிழிச்ச டிக்கெட் ஒண்ணும் கவர்ல வச்சு அனுப்புங்க, அந்த ஃப்ரம்ம எப்படி எழுதியிருக்கான்னு பார்க்கணும்.